முகத்தைப் பார்த்தால் போதுமா?

அம்மாவுக்குக் காணொளி அழைப்பை எடுக்கக் கற்றுக்கொடுத்ததே தொலைபேசியில்தான். “பச்சைப் பொத்தானை மேலே தள்ளுங்கம்மா” என்றேன். தள்ளினார். ஆனால் பழக்கதோஷத்தில் திறன்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். முதல் இரண்டு வாரம் நான் பார்த்தது அவருடைய காதையும் கம்மலையும்தான்.

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அதுவரை சனிக்கிழமை தவறாமல் சிங்கப்பூரிலிருந்து கூலாய்க்குப் போய் வந்துகொண்டிருந்தவள் நான். இடையில் சில சிறப்புப் பயண ஏற்பாடுகள் வந்தன. தனிமைப்படுத்தல், விடுப்பு என்று எனக்கு எதுவும் ஒத்துவரவில்லை. ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சமே தாண்டும் ஜோகூர் கடற்பாலத்தைக் கடக்க எனக்கு இரண்டு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

அதற்குள் அம்மா கெட்டிக்காரியாகிவிட்டார். திறன்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்து, இரவு எட்டரைக்கெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தலை வாரி, பொட்டு வைத்து, பின்னால் சாமிப் படம் தெரியும்படி. “சாப்பிட்டீங்களாம்மா?” “ஆச்சு.” “மருந்து?” “போட்டாச்சு. நீ சாப்பிட்டியா?” ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். அம்மா நன்றாக இருக்கிறார் என்ற நிம்மதியில் நான் தூங்கப் போவேன்.

2022 ஏப்ரலில் தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது. வீட்டுக்குப் போனேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். கூடத்தில் ஒரு மேசை. அதன்மேல் மின்னடுப்பு, சோறாக்கும் குக்கர், நாலைந்து டப்பாக்கள். எங்கள் வீட்டில் பின்னாலுள்ள சமையலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும். முட்டி வீங்கி, அந்த ஒரு படியை இறங்க அவரால் முடியவில்லை. எட்டு மாதமாகச் சமையல் கூடத்தில்தானாம். தினமும் என்னோடு பேசிய நாற்காலிக்கும் அந்த மேசைக்கும் நடுவே மூன்றடிகூட இருக்காது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா பாலத்தத் தாண்டி ஓடி வந்துருவியா? அங்க உக்காந்து அழுவ. அதான் சொல்லல.”

அவரைக் கோபிக்க எனக்கு என்ன தகுதி? எனக்குக் கொவிட் வந்தபோது, “பிள்ளைங்ககிட்ட கத்தித் தொண்டை கட்டிருச்சும்மா” என்று சொல்லிச் சமாளித்தவள்தானே நான்.

யோசித்துப் பார்த்தால், அந்தச் சிறு திரை நம்மை ஒப்பனை செய்துகொள்ளத் தூண்டுகிறது. மூலையில் நம் முகமே தெரிகிறது. அம்மா அதைப் பார்த்துத்தான் பொட்டைச் சரிசெய்துகொள்வார். அலுவலகக் கூட்டங்களில் நாம் செய்வதும் அதுதான். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன், காணொளிச் சந்திப்புகள் ஏன் இவ்வளவு அசதி தருகின்றன என்று 2021இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது. யாரோ ஒருவர் நாள் முழுதும் நமக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே நடப்பது போல. ஸூமில் நம் கட்டத்தை மட்டும் மறைத்துவைக்கும் வசதி உண்டு. மற்றவர்கள் நம்மைப் பார்க்கலாம். நமக்கு மட்டும் நம் முகம் தெரியாது. அதைச் செய்த பிறகுதான் சக ஆசிரியர்கள் பேசுவது என் காதில் ஒழுங்காக விழுகிறது.

இந்தப் பாடத்தை எனக்கு முன்பே ஒரு மாணவன் சொல்லிக்கொடுத்திருந்தான். நான்தான் புரிந்துகொள்ளவில்லை. 2020 ஏப்ரல் 8ஆம் தேதி முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. என் தொடக்கநிலை ஐந்து வகுப்பில் ஒரு பையன் கேமராவைத் திறக்கவே மாட்டான். “முகத்தைக் காட்டு, அப்போதுதான் நீ இருக்கிறாய் என்று நம்புவேன்” என்று தினமும் கண்டிப்பேன். ஒருநாள் தவறுதலாக அவன் ஒலிவாங்கி திறந்துகொண்டது. குழந்தை அழும் சத்தம், அக்காவின் கணக்குப் பாடம், அப்பா யாரிடமோ தொலைபேசியில் பேசுவது எல்லாம் ஒரே அறையிலிருந்து கேட்டன. அவன் மறைத்தது முகத்தை அல்ல, வீட்டை.

மறுநாள் கண்டிப்பை விட்டுவிட்டேன். “எல்லாரும் சமையலறையிலிருந்து ஒரு பொருள் எடுத்து வந்து, அதைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லுங்கள்” என்றேன். அவன் முறை வந்தது. கேமரா தானாகத் திறந்தது. கையில் அஞ்சறைப் பெட்டி! கடுகு, சீரகம், வெந்தயம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். ஐந்து வாக்கியம் கேட்டால் ஒன்பது சொன்னான். பாட்டியின் பெட்டியாம்.

முகத்தைக் காட்டச் சொன்னால் மனிதர்கள் ஒன்று மறைந்துகொள்கிறார்கள், அல்லது தலை வாரிப் பொட்டு வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பொருளைக் காட்டச் சொன்னால் தங்களை மறந்து காட்டுகிறார்கள். மாணவனிடம் கற்றதை அம்மாவிடம் செய்து பார்க்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இப்போது கூலாய் வீட்டின் படியருகே கைப்பிடி போட்டாயிற்று. மருத்துவமும் உடற்பயிற்சியும் நடக்கின்றன. சமையல் மறுபடி சமையலறைக்கே போய்விட்டது. மாதம் இரண்டு முறை நான் போய் வருகிறேன். மற்ற நாள்களில் அதே எட்டரை மணி அழைப்பு. ஆனால் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பதில்லை. “என்ன குழம்பும்மா, காட்டுங்க” என்கிறேன். சட்டியைத் திறந்து காட்டுவார். சில நாள் ரசம் மட்டும்தான் இருக்கும். அப்போது பேச வேண்டியது வேறு. மருந்துப் பட்டையைக் காட்டச் சொன்னால் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எனக்கே தெரிந்துவிடும். சில நாள், பேசாமல் திரையைத் திறந்து வைத்துவிட்டு அவர் கீரை ஆய்வார், நான் பயிற்சித்தாள் திருத்துவேன். அரைமணி நேரத்தில் பத்து வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டோம். ஆனால் பக்கத்தில் இருந்த மாதிரி இருக்கும்.

இது வேவு பார்ப்பது ஆகாதா என்று தோழி ஒருத்தி கேட்டாள். ஆகலாம். அதனால் நானும் காட்டுகிறேன். பாத்திரம் கழுவாத என் தொட்டி, காயாத துணி எல்லாவற்றையும். அம்மா திட்டுகிறார். நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்றிரவு, “கறிவேப்பிலை பூத்திருக்கு, பாக்குறியா?” என்றார். பின்பக்கக் கேமராவுக்கு மாற்ற இப்போது அவருக்கே தெரியும். திரை ஆடியது. தரை, செருப்பு, பிறகு அந்தப் படி. செடியைப் பற்றி அவர் பேசிக்கொண்டே போக, நான் அவர் கால் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் இறங்கியது. கொஞ்சம் நின்று, இடது காலும் இறங்கியது.

“பாத்தியா?” என்றார் அம்மா.

“பாத்தேம்மா” என்றேன்.