தங்குமிடம் எங்கே?



திராட்சை இரசத்திற்குப் பெயர்பெற்ற நாட்டுப்புறத்தில் ஒரு வாரத்தைக் கழிக்க எண்ணும் குடும்பம் முதன்முதலாக எடுக்கவேண்டிய முடிவு, எந்த இரசத்தைச் சுவைப்பது என்பதன்று. இரவில் எங்கே தலைசாய்ப்பது என்பதே. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பெற்றோரும் பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் கூடிவாழக் கிட்டும் ஏழு நாட்கள் அவை. தங்குமிடம் பொருந்தாவிடில், அந்நாட்களில் பாதி வண்டியிலும், மீதி மனத்தாங்கலிலும் கழிந்துவிடும். ஐரோப்பாவில் வாழும் மக்களைக் காணச் செல்லும் பெற்றோர் நம்மிடையேயும் உள்ளமையால், பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

பர்கண்டியின் புகழ்பெற்ற தோட்டங்கள் திஜோன் நகரிலிருந்து தெற்கே சாந்தனே என்னும் சிற்றூர் வரை, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய மலைச்சரிவில் அமைந்துள்ளன. 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்நிலங்களை உலக மரபுச் செல்வங்களுள் சேர்த்தது. இவற்றை உருவாக்கியதில் துறவியரின் பங்கு பெரிது. 1098-இல் சித்தோவில் தோன்றிய மடத்தின் துறவியர், வூஜோவில் சுமார் 50 ஹெக்டேர் நிலத்தைத் திராட்சைத் தோட்டமாக்கி மதிலும் எழுப்பினர். பிரெஞ்சுப் புரட்சியின்போது அது பறிமுதலாயிற்று. இன்று அம்மதிலுக்குள் ஏறத்தாழ 80 உரிமையாளர் உள்ளனர்.

இப்பகுதியில் தங்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, திஜோன். பாரிசிலிருந்து அதிவேக இரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அடையலாம். டிராம் வண்டியும், பெரிய மருத்துவமனையும், பல தரத்து விடுதிகளும் உள்ள நகரம் அது. ஆனால் கதவைத் திறந்ததும் திராட்சைக் கொடிகளைக் காண விரும்புவோர் அங்கே ஏமாற்றமடைவர்.

இரண்டாவது, திஜோனுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், தோட்டங்களின் நடுவே உள்ள போன் நகர். பழைய கோட்டை மதில் சூழ்ந்த சிற்றூர் அது. இரயில் நிலையம் நடக்கும் தொலைவில் உள்ளது. சனிக்கிழமை காலையில் பெரிய சந்தை கூடும். பொம்மார், வொல்னே, மெர்சோ ஆகிய ஊர்களுக்குத் தோட்டங்களின் ஊடே மிதிவண்டிப் பாதையும் உண்டு. ஆனால் வாடகை சற்று மிகுதி. மதிலுக்குள் வண்டி நிறுத்த இடம் காண்பதும் அரிது.

மூன்றாவது, சிற்றூரில் ஒரு வீடு. ‘ழீத்’ எனப்படும் இவ்வீடுகளைக் கோடைக் காலத்தில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை முழு வாரத்திற்கே வாடகைக்கு விடுவர். சமையலறை இருப்பதால் சோறு வடித்துக் குழம்பு வைக்கலாம். எண்மர் தங்கினால் விடுதியைவிடச் செலவு குறையும். எனினும் மாலையானதும் கடைகள் அடைபட்டுவிடும். ஞாயிறன்று ரொட்டிக்கும் தேடியலைய நேரும். பேருந்துகள் மிகக் குறைவு. எனவே வண்டி ஓட்டுபவர் ஒருவர் நாள்தோறும் மற்றவர்க்குப் பணிபுரிந்தாக வேண்டும்.

இங்கேதான் பலர் கருதாத ஒன்றுண்டு. பிரான்சில் வாகனம் ஓட்டுவோரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் மதுச்சாரம் இருந்தாலே குற்றமாகும். புதிதாக உரிமம் பெற்றோருக்கு அவ்வெல்லை 0.2 கிராம். சுவைத்துத் துப்பிவிடும் வழக்கம் அங்கே நாகரிகக் குறைவன்று. அதற்கெனக் கலமும் வைத்திருப்பர். ஆயினும், மூத்த மகன் மட்டும் ஏழு நாளும் தொண்டை வறள வண்டியோட்ட மற்றோர் சுவைப்பது அன்புடைய ஏற்பாடாகுமா? நடந்தோ இரயிலிலோ போய்வரக்கூடிய போன் நகரில் தங்கினால் இச்சிக்கல் பெரிதும் தீரும்.

காலத்தையும் நோக்குக. செப்டம்பரில் திராட்சை அறுவடை நடக்கும்போது சிறு தோட்டக்காரர் விருந்தினரை வரவேற்க நேரமின்றி உழைப்பர். நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று போன் நகரில் பழைய மருத்துவமனையின் இரச ஏலம் நடைபெறும். அப்போது அறை கிடைப்பது அரிது. அந்த மருத்துவமனையை 1443-இல் நிக்கோலா ரொலேன் என்னும் அமைச்சரும் அவர் மனைவி கிகோன் தெ சலேனும் ஏழை நோயாளருக்காக நிறுவினர். 1971 வரை அங்கே நோயாளர் பேணப்பட்டனர்; இப்போது அது அருங்காட்சியகம்.

ஏழிரவும் ஒரே இடமா, இரண்டிடமா? நாளுக்கோர் ஊர் என்பது முதியோருக்கு ஆகாது. காலையில் அறையைக் காலி செய்து, பிற்பகலில் அடுத்த அறை திறக்கும்வரை பெட்டிகளோடு காத்திருப்பதில் அரைநாள் வீணாகும். ஒரே ஒருமுறை மாறலாம்: நான்கு இரவு போன் நகரில், மூன்று இரவு தெற்கே மாக்கோன் அல்லது குளுனி அருகில். 910-இல் தொடங்கிய குளுனி மடத்தின் எஞ்சிய பகுதிகளையும், சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரே-லெ-மோனியாலையும் அங்கிருந்து காணலாம். புனித மார்கரீத் மரியாள் இயேசுவின் திரு இருதயக் காட்சிகளைக் கண்டது அவ்வூரில்தான். வீட்டு முகப்பில் திரு இருதயப் படத்தை நிறுவியுள்ள நம் குடும்பத்துப் பாட்டிக்கு அந்த ஒருநாள், பத்து இரசக் கிடங்குகளைவிட மேலானதாயிருக்கும்.

ஆகவே, இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் வீட்டார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து மூன்று வினாக்களுக்கு விடை காணுங்கள். நம்முள் மிகக் குறைவாக நடக்க இயன்றவர் யார்? வண்டி ஓட்டப்போகிறவர் யார்? மாலைதோறும் சமைக்கப்போகிறவர் யார்? மூன்றாம் வினாவுக்கு ‘அம்மாதான்’ என்பது விடையாயின், சிற்றூர் வீட்டை விட்டு உணவகங்கள் உள்ள நகரையே நாடுங்கள். ஆண்டு முழுவதும் அடுப்படியில் நின்றவருக்கும் அது விடுமுறையாகட்டும். தளர்ந்தவருக்கு ஏற்ற இடம் மற்றெல்லார்க்கும் ஏற்றதாகவே அமையும்.