குற்றம் செவியிலா, சுவரிலா?

மாணவன் ஒருவன் பாடத்தைச் சரிவரக் கேட்கவில்லையெனில் அவனது கவனக்குறைவே காரணமெனக் கூறுவது ஆசிரியர்களாகிய நமக்கு வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் எத்துணை அநீதியானது என்பதை நாமே ஒருமுறை உணர நேர்ந்தது.

புதிதாகக் கட்டப்பெற்ற வகுப்பறை அது. சீமெந்துச் சுவர்கள், வழுவழுப்பான தரை, கொங்கிறீற்றுக் கூரை. பார்வைக்கு மிக அழகு. சொல்வதெழுதலின்போது நாம் 'பாடம்' என்றதைக் கடைசி வாங்கில் இருந்த சிறுவன் 'பாரம்' என்று எழுதியிருந்தான். இத்தகைய பிழைகள் நாள்தோறும் மலியவே, முழு வகுப்பின் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டோம். பின்னர் ஒருநாள், சக ஆசிரியர் ஒருவர் கற்பிக்கையில் அச்சிறுவனின் அருகே சென்று அமர்ந்தோம். அவருடைய குரல் கேட்டது, சொற்களோ விளங்கவில்லை!

காரணம் யாது? ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் விரையும். வன்மையான சுவர் தன்மேற் படும் ஒலியிற் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். இவ்வாறு அங்குமிங்கும் தெறித்து, பேச்சு நின்ற பின்னும் நிலைத்திருக்கும் ஓசையே எதிர்முழக்கம். உயிரொலிகள் வலியன, மெய்யொலிகள் மெலியன, குறுகியன. முன் ஒலித்த உயிரின் முழக்கம் அடங்குமுன் அடுத்த மெய் பிறந்தால், அது மூழ்கிப்போகும். ஒலிபெருக்கி வைத்தாற் சரியாகுமே என்பர் சிலர். குரலோடு முழக்கமும் சேர்ந்தன்றோ பெருகும்?

இதே இடர் 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் எழுந்தது. அங்கு புதிதாகத் திறக்கப்பட்ட விரிவுரை மண்டபம் ஒன்றில் எவர் பேச்சும் விளங்கவில்லை. குறையைத் தீர்க்கும் பொறுப்பு வாலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் நள்ளிரவுக்குப் பின், தெருவோசை அடங்கிய வேளையில், ஓர்கன் குழாயொன்றை ஒலிக்கச் செய்து, அது நின்றபின் முழக்கம் செவிக்குக் கேட்கும் நேரத்தை அளந்தார். வெறும் மண்டபத்தில் அது 5.62 விநாடி. அருகிலிருந்த அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளைச் சிறிது சிறிதாகக் கொணர்ந்து பரப்ப, நேரமும் படிப்படியாகக் குறைந்து 1.14 விநாடியாயிற்று.

அவர் கண்ட விதி எளிது. அறையின் கனவளவைக் கன மீற்றரிற் கொண்டு 0.16ஆற் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். ஒரு சதுர மீற்றர் திறந்த யன்னல் ஓர் அலகு. அதன் வழியே சென்ற ஒலி மீளாதன்றோ? 1900இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் இசை மண்டபம் இவ்விதியைத் துணைக்கொண்டு அமைக்கப்பட்டதே.

நம் அறைக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். கனவளவு 100 கன மீற்றர், உறிஞ்சல் 4 அலகு எனின், முழக்கம் 4 விநாடி. ஒருவர் சுமார் அரை அலகு உறிஞ்சுவர். 20 மாணவர் அமர, 14 அலகாகி, நேரம் 1.1 விநாடியாகும். பேச்சுக்குரிய சிறிய அறையில் 0.6 விநாடியளவே நன்று. அதற்கு இன்னும் ஏறத்தாழ 13 அலகுகள் வேண்டும். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரைச்சீலை, தன்மேற் படும் ஒலியில் ஏறத்தாழப் பாதியை உறிஞ்சும். ஆதலின் ஏறத்தாழ 26 சதுர மீற்றர் திரைச்சீலை போதுமானது. யன்னல்களைத் திறந்தால் அதனினும் குறைவே போதும்.

வாசகர்கள் கவனிக்கவேண்டியவை மூன்று. மெல்லிய துணி கீச்சொலியையே குறைக்கும். தாழ்ந்த ஒலிக்குத் தடிப்பு வேண்டும். திரையைச் சுவரோடு ஒட்டாது சற்று இடைவெளி விட்டுத் தொங்கவிடுதல் பயன் தரும். இரண்டாவது, இவை அறையின் முழக்கத்தைத் தணிக்குமேயன்றி, வீதியின் இரைச்சலைத் தடுக்கமாட்டா. மூன்றாவது, அளவு மிஞ்சலாகாது. பாட்டுக்குச் சிறிது முழக்கம் அழகு தரும். முற்றும் உறிஞ்சிவிட்டால் இசை வறண்டுவிடும். பொருள் வாங்குமுன், வெற்றறையில் ஒருமுறை கைதட்டி, ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறதெனக் கேட்பது நன்று.

நம் வகுப்பறையின் பின்சுவரிலும் பக்கச்சுவரிலும் பெற்றோர் உதவியுடன் தடித்த திரைகள் தொங்கின. அடுத்த சொல்வதெழுதலில் அச்சிறுவன் செய்த பிழைகள் இரண்டே. முழு வகுப்பின் முன் அவனைக் கடிந்த நாம், முழு வகுப்பின் முன்னேயே நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். ஒரு பிள்ளையை மந்தன் என்று முடிவு செய்யுமுன், அவன் இருக்கும் இடத்தில் நாம் ஒருமுறை இருந்து பார்த்தல் வேண்டும்.