கேலி வேண்டாம், குட்டீஸ்!

"நிமிர்ந்து உட்கார்!" இந்த வார்த்தையைக் கேட்காத நாள் உண்டா, குட்டீஸ்? வீட்டில் அம்மா சொல்வார். வகுப்பில் ஆசிரியர் சொல்வார். நல்லதற்குத்தான் சொல்கிறார்கள். ஆனால், முதுகு வளைந்திருக்கும் எல்லாரையும் ஒரே மாதிரி அதட்டுவதும், "கூனன்" என்று கேலி செய்வதும் சரியா? சரியில்லை என்பதே என் கருத்து.

முதுகு வளைவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பழக்கத்தால் வருவது. குனிந்தபடியே மொபைல் போன் பார்க்கிறோம். கனமான பையை ஒரே தோளில் மாட்டுகிறோம். கழுத்தும் முதுகும் வலிக்கின்றன. இது நம்மால் மாற்றக்கூடியது. பையை இரண்டு தோளிலும் மாட்டுங்கள். நம் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக்கூடாது என்கிறது, மத்திய அரசின் 2020ம் ஆண்டு பள்ளிப் பை கொள்கை. நீங்கள் 25 கிலோ என்றால், பை இரண்டரை கிலோவைத் தாண்டக்கூடாது.

மற்றொன்று, முதுகெலும்பே பக்கவாட்டில் வளைந்து திரும்புவது. இதற்கு, "ஸ்கோலியோசிஸ்" என்று பெயர். சிலருக்குச் சிறு வயதிலேயே வரும்; பலருக்கு, 10 வயதுக்கு மேல் மளமளவென்று வளரும்போது தெரியவரும். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. பை சுமந்ததாலோ, கோணலாக உட்கார்ந்ததாலோ இது வருவதில்லை. எவ்வளவு அதட்டினாலும் நிமிர முடியாது. அந்தப் பிள்ளையின் தப்பு இதில் என்ன இருக்கிறது?

கேலிக்குப் பயந்து, தொளதொள சட்டை போட்டு முதுகை மறைப்பவர்கள் உண்டு. ஆபத்தே அங்குதான்! வளைவு குறைவாக இருந்தால், டாக்டர் அவ்வப்போது பார்த்து வந்தாலே போதும். கொஞ்சம் அதிகமானால், "பிரேஸ்" என்ற பட்டை அணிவித்து, மேலும் வளையாமல் தடுக்கலாம். ஆனால், அது வளரும் வயதில்தான் பலன் தரும். மறைத்தே காலம் போனால், அறுவை சிகிச்சை வரை போகலாம்.

உலகின் அதிவேக ஓட்டக்காரர் உசேன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் உண்டு. பெர்லினில், 2009ல், 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியது, அந்த முதுகோடுதான்!

உங்களுக்கோ, தம்பி தங்கைக்கோ ஒரு தோள் உயர்ந்து தெரிகிறதா? கால்களைச் சேர்த்து நின்று, முன்னால் குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாக இருக்கிறதா? உடனே அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வகுப்பில் யாராவது நண்பனைக் கேலி செய்தால், "அது அவன் தப்பில்லை" என்று எடுத்துச் சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?