வாத்தியார் பேச்சு புரியவில்லை! குறை யாரிடம்?

ஒட்டன்சத்திரத்திலிருந்து மலை ஏறினால் பாச்சலூர். பழனி மலையில் பளியர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேசுவதும் தமிழ்தான். ஆனால் இழுவை வேறு.

சமவெளியிலிருந்து அங்கே பாடம் சொல்லப் போகும் வாத்தியார் முதல் நாள் திகைக்கக்கூடும். குழந்தைகளும் திகைக்கும்.

தமிழுக்குள்ளேயே இப்படி என்றால், கடல் கடந்த நாட்டில் எப்படி இருக்கும்?

மேல்படிப்புக்காக அமெரிக்கா போகும் தமிழ் வாலிபர்களில் பலர், அங்கே மாணவர். அதே சமயம் வாத்தியார்! கீழ் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துவார்கள். அதற்குச் சம்பளம் உண்டு. அந்தப் பணம்தான் சோறு போடுகிறது.

பலகையில் கணக்குப் போட்டு, "எக்ஸ், ஒய், ஸெட்" என்கிறார் நம்மவர். மாணவர்கள் விழிக்கிறார்கள். அந்த நாட்டில் கடைசி எழுத்து "ஸெட்" அல்ல, "ஸீ"!

ஆங்கிலச் சொல்லில் ஓர் இடத்தை அழுத்திச் சொல்லவேண்டும். தமிழில் அந்த வழக்கம் இல்லை. நம்மவர் எல்லாவற்றையும் ஒரே சீராக, வேகமாகச் சொல்லிவிடுவார். "என்ன?" என்று ஒரு மாணவன் கேட்டால் போதும். நெஞ்சு படபடக்கும். வேகம் இன்னும் கூடும்!

பெற்றோர்கள் புகார் செய்தார்கள். 1980-களில் ஒஹையோ, டெக்சாஸ் முதலிய மாநிலங்கள், வாத்தியாருக்கு ஆங்கிலம் பேசத் தெரியவேண்டும் என்று சட்டமே போட்டன.

சட்டம் நியாயம்தான். ஆனால் அது பாதி நியாயம்.

அதே குரல், வேறு முகம்!

ஜார்ஜியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு ரூபின் ஒரு சோதனை செய்தார். அதன் முடிவு 1992-ல் வெளிவந்தது.

62 மாணவர்களுக்கு 4 நிமிடப் பாடம் ஒன்றை ஒலிநாடாவில் போட்டார். பேசியவர் அமெரிக்கர். சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டினார். மற்றவர்களுக்கு ஆசியப் பெண்ணின் படம்.

ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்குப் பாடம் குறைவாகவே புரிந்தது! குரல் ஒன்றுதான். காதைக் கண் கெடுத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ல் கோடைக்கானலில் வீடு கட்டினார்கள். மதுரைச் சீமையில் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். அவர்கள் பேசிய தமிழ் எப்படி இருந்திருக்கும்! நம் பிள்ளைகள் காதைப் பழக்கிக்கொண்டு படித்தார்கள்.

வாத்தியாருக்குப் பரீட்சை வைக்கும் பல்கலைக்கழகங்கள், முதல் வாரம் மாணவருக்கும் காது கொடுக்கப் பயிற்சி தரவேண்டும்.

நம்மவரும் சற்று நிதானமாகப் பேசட்டும். முக்கியமான சொல்லை முதலில் பலகையில் எழுதட்டும். "ஸீ" என்றே சொல்லிவிடட்டும்.