கற்பனை இராச்சியத்தின் காசு

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று ஆடும் விளையாட்டுகளுக்கு முன்னோடி, 1974 ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய 'டன்ஜியன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. அதனைப் பின்பற்றித் தாமும் ஓர் உலகைப் படைக்க முனைவோர், மலைக்கும் ஆற்றுக்கும் பெயர் சூட்டுவதில் மாதக்கணக்கைச் செலவிடுகின்றனர். அரச பரம்பரைகளை விரிவாக எழுதுகின்றனர். காசு என்று வரும்போது மாத்திரம் அவசரப்பட்டு விடுகின்றனர். செம்பு, வெள்ளி, தங்கம், பத்துக்கு ஒன்று. வேலை முடிந்தது. விலைவாசிச் செய்திகளோடு பல வருடங்கள் மாரடித்தவன் என்ற வகையில் இந்த அவசரம் எனக்கு உவப்பானதல்ல.

பத்தின் கணக்கை நான் குறை கூறவில்லை. ஆட்டத்தின் நடுவே பெருக்கியும் பிரித்தும் பார்ப்பது எவருக்கும் அலுப்பூட்டும். ஹரி பொட்டர் கதைகளில் 29 நட் ஒரு சிக்கிள், 17 சிக்கிள் ஒரு கலியன். வாசிக்க வேடிக்கைதான், ஆடிப் பார்த்தால் தலைவலி. எடை விடயத்திலும் விதிகள் திருந்தியே வந்துள்ளன. 1978 இல் வெளிவந்த விதிநூலின்படி பத்துக் காசுகள் ஓர் இறாத்தல். அதாவது, ஆயிரம் பொற்காசுகளைக் கவர்ந்த வீரன் 45 கிலோவைச் சுமக்க வேண்டும்! 2014 இன் பதிப்பில் ஓர் இறாத்தலுக்கு 50 காசுகள், ஒன்று சுமார் 9 கிராம். உரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் பொற்காசு ஏறத்தாழ 8 கிராம் என்பதால் இது பொருத்தமே.

குறை வேறிடத்தில் உள்ளது. இவ்வுலகங்களில் ஒரே காசு எல்லா இராச்சியங்களிலும் ஒரே பெறுமதியுடன் செல்கிறது. தங்கம் எங்கும் தங்கம்தானே என்பர். 1898 இல் புதுக்கோட்டைப் பகுதியில் சுமார் 500 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். நாணயமாக இனி அவை செல்லக்கூடாது, வெறும் பொன்னாகவே கொள்ளப்பட வேண்டும் என்பதே அந்த வெட்டின் நோக்கம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அந்த ஒரு வெட்டுக்குள் எத்தனை கதைகள் இருக்கின்றன!

இன்னொன்று. வீரர்கள் மூட்டை மூட்டையாகத் தங்கத்துடன் சிற்றூருக்குள் நுழைகிறார்கள். மறுநாளும் பாணின் விலை அதேதான். மாலிப் பேரரசர் மன்சா மூசா 1324 இல் ஹஜ் பயணத்தின்போது கெய்ரோவில் வாரியிறைத்த பொன்னினால் அங்கு தங்கத்தின் விலையே சரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னரும் அது மீளவில்லை என்று எழுதினார் அல்உமரி. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவானதை அனுபவித்த எம்மவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. காசில் பொறித்த எண் அசையாதிருக்க, அதன் பெறுமதி மட்டும் ஓடிவிடும்.

ஆகவே விளையாட்டு வடிவமைப்போருக்கு எனது யோசனை இது. பத்தின் கணக்கு இருக்கட்டும். நாட்டுக்கு நாடு காசின் முகத்தை மாற்றுங்கள். எல்லைச் சந்தையில் தராசும் உரைகல்லுமாக ஒரு நாணய வணிகரை இருத்தி, அவர் கேட்கும் வட்டத்தையும் எழுதி வையுங்கள். 3 ஆம் நூற்றாண்டு உரோமில் நடந்தது போல, போர்ச் செலவு மிகும்போதெல்லாம் உங்கள் அரசனும் வெள்ளியில் செம்பைக் கலக்கட்டும். கடைக்காரர் புதிய காசைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பழையது இல்லையா, ஐயா?" என்று கேட்கட்டும்.