மீளப்பெறப்பட்ட ஆய்வுகள் ஏன் மறைவதில்லை?

2020 மே 22ஆம் திகதி ‘த லான்செட்’ மருத்துவ ஆய்விதழ் ஒரு கட்டுரையை வெளியிட்டது. 671 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 96,032 கொவிட்-19 நோயாளர்களின் தரவுகளைக் காட்டி, ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்து உயிரிழப்பை அதிகரிக்கக்கூடும் என்றது அது. மூன்றே நாட்களில் உலக சுகாதார ஸ்தாபனம் அம்மருந்து மீதான தனது பரிசோதனையை இடைநிறுத்தியது. தரவுகளை வழங்கிய ‘சேர்ஜிஸ்பியர்’ நிறுவனம் அவற்றைச் சுயாதீன மீளாய்வுக்குக் கையளிக்க மறுத்ததையடுத்து, ஜூன் 4ஆம் திகதி கட்டுரை மீளப்பெறப்பட்டது.

ஆனால், அதன் பின்னரும் அதனை ஆதாரமாகக் காட்டும் கட்டுரைகள் வந்துகொண்டேயிருந்தன. ஆய்வாளர்களின் அசட்டை மட்டும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. மேற்கோள் என்பது கணினிக்கு வெறும் எண்ணிக்கை. “இது சரி” என்று சுட்டினாலும் “இது பிழை” என்று சுட்டினாலும் கணக்கில் ஒன்று கூடும்.

பொருளுணர் வலைத் தொழில்நுட்பம் கைகொடுக்கக்கூடிய இடம் இதுதான். இணைப்பு எதைச் சுட்டுகிறது என்பதோடு, ஏன் சுட்டுகிறது என்பதையும் கணினி வாசிக்கும் வடிவில் பதிவது அதன் அடிப்படை. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷொட்டன் 2010இல் வெளியிட்ட ‘சைட்டோ’ சொற்தொகுதி, “ஆதாரமாகக் கொள்கிறது”, “மறுக்கிறது”, “மீளப்பெறுகிறது” என உறவுகளைப் பிரித்துக் குறிக்கிறது. இவ்வாறான குறிப்புகள் இருந்தால், உசாத்துணைகளில் எவை மீளப்பெறப்பட்டவை என்பதை மீளாய்வாளருக்கு முன்கூட்டியே அறிவிக்கலாம். பெரும்பாலும் ஊதியமின்றிப் பணிபுரியும் அவர், ஒவ்வொன்றையும் தேடிப் பார்ப்பார் என எதிர்பார்ப்பது நியாயமல்ல.

மாற்றம் தொடங்கிவிட்டது. 2023 செப்டெம்பரில் ‘குரொஸ்ரெஃப்’ அமைப்பு, ‘ரிட்ரக்சன் வோட்ச்’ திரட்டிய மீளப்பெறல் தரவுத்தளத்தை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆய்வொன்றைச் செய்தியாக்க முன்னர் நானும் அதில் தேடிப் பார்க்கிறேன்.

எனினும், சேர்ஜிஸ்பியர் விவகாரத்தை வெளிக்கொணர்ந்தது கணினியல்ல. தரவு எங்கே என்று கேட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள்தான். அந்தக் கேள்வியை எந்தத் தொழில்நுட்பமும் மனிதருக்குப் பதிலாகக் கேட்காது. கிடைத்த பதிலை அடுத்த வாசகரிடம் கொண்டுசேர்ப்பதே அதன் வேலை.

தமிழில் வெளிவரும் ஆய்விதழ்கள் பலவற்றில் கட்டுரைகளுக்கு நிரந்தர அடையாள எண்கூட இல்லை. வருடிய பக்கங்களாக மட்டும் இணையத்தில் ஏற்றப்படும் கட்டுரையை யார் மறுத்தார்கள், யார் திருத்தினார்கள் என்பதைப் பின்தொடர வழியில்லை. எமது பல்கலைக்கழகங்கள் முதலில் செய்யவேண்டியது அந்த எண்ணைப் பெற்றுக்கொடுப்பதுதான்.