கோட்டையிலே குரல், ஆலையிலே ஆள்!

சட்டம் இயற்றுவது சடங்கா? கேட்கிறோம், நண்பர்களே! முன்வடிவு வருகிறது, 'ஆம்' என்போர் குரல் எழுகிறது, சட்டம் பிறந்துவிடுகிறது! கோட்டையின் இந்த அன்றாட அலுவல், எண்ணூர் ஆலைத் தொழிலாளியின் அன்றாட வாழ்வையே புரட்டிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

2023 ஏப்ரல் 12இல் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த முன்வடிவு மன்றத்திற்கு வந்தது. ஏப்ரல் 21இல், கூட்டத்தொடரின் கடைசி நாளில், தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்ய, குரல் வாக்கிலே நிறைவேறியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த 9 மணி நேர வரம்பைத் தளர்த்தி, 12 மணி நேர வேலைக்கு வாயில் திறந்த முன்வடிவு அது! தொழிலாளி விரும்பினால் மட்டுமே என்றனர் அமைச்சர்கள். விருப்பமாம்! வாயிலிலே நூறு பேர் வேலைக்குக் காத்து நிற்க, ஒப்பந்தத் தொழிலாளி 'விரும்பவில்லை' என்று சொல்லி வாழ முடியுமா?

1923 மே முதல் நாள் இதே சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார் சிங்காரவேலர். அதன் நூற்றாண்டு நிறைவுக்குப் பத்து நாள் இருக்கையிலே இந்தச் சட்டம்!

எதிர்ப்பு எழுந்தது, ஏப்ரல் 24இல் நிறுத்தி வைத்தனர், மே தினத்தன்று, திரும்பப் பெறப்பட்டது என்றார் முதலமைச்சர். திருந்துவது பெருமையே, மறுக்கவில்லை. ஆனால் மன்றத்திலே தோழர்கள் சொன்னபோது மூடியிருந்த செவி, மூன்றே நாளில் திறந்தது எப்படி? தெரிவுக்குழுவுக்கு அனுப்பியிருக்கலாகாதா?

உழைப்போர் நேரத்தைத் தொடும் முன்வடிவு, முதலில் திருவொற்றியூர் ஆலை வாயிலிலே படிக்கப்படட்டும். பிறகு எழட்டும் கோட்டையிலே குரல்!